தேதிப்படி அடுக்கிய தாள்கள்

மச்சான்,

கண்மாய் உடைஞ்ச கட்டுரைக்கு நான் குறிப்பெழுதி வச்ச காலண்டர் தாளையெல்லாம் நேத்து தேதிப்படி அடுக்கிட்டீக. உதவின்னுதான் செஞ்சீக, நான்தான் கத்திட்டேன். குறிப்பு இருக்கிறது பின்பக்கம், நான் அடுக்கியிருந்தது அந்தக் குறிப்பு வரிசையில. விடிஞ்சதும் எல்லாத்தையும் பழையபடி பிரிச்சு வச்சிட்டேன்.

கண்மாய் உடைஞ்சது உங்க அத்தாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமான வருசம்னு சொன்னீக. அதை எழுதிக் கீழே உங்க பேரையும் போட்டிருக்கேன். ஆனா ஒருத்தர் பேச்சை மட்டும் நம்பி எழுத மாட்டேன். அன்னைக்குக் கரையில நின்ன ராக்காயி அக்காவைக் கேக்க வெம்பக்கோட்டைக்குப் போறேன். அவுக வேற வருசம் சொன்னா ரெண்டையும் எழுதுவேன். உங்க அத்தா கோவிச்சாலும் சரி.

மீன்குழம்பு அடுப்பு மேல இருக்கு. வெளிய போனா சாவியைப் பக்கத்துல சுலைகா வீட்டுல கொடுங்க.

பைரோஜா

தாளைத் தொடாதீக.

'எழுதிக் கிழிச்சது போதும்'னு நேத்து சொன்னீகளே, அதை மட்டும் எந்தத் தாளிலயும் நான் குறிச்சு வைக்கலை.