வைஷுவின் கன்னத்துச் சிவப்பு

ஜனவரி 12, ஞாயிறு

வைஷாலிக்கு ஆறு மாதம் முடிந்தது. இன்று முதல் ராகிக் கூழ். இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். ஒன்று வயிற்றுக்குள், ஒன்று என் சுடிதார்மேல். அருண் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார், ஒரு துணி எடுத்துக் கொடுக்க மட்டும் கை வரவில்லை.

மாமனார் கடையிலிருந்து வந்ததும் வழக்கம்போலப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். "நம்ம கடையில இத்தன பால் இருக்குது, புள்ளைக்கு ராகியக் கரைச்சு ஊத்தறீங்களா?" கொள்ளேகாலிலிருந்து வந்து, இங்கே தேவராஜ மொஹல்லா பகுதியில் நாற்பது வருடமாகப் பால்கடை. காலையில் பால், தயிர் பாக்கெட்; சாயங்காலம் சூடாகப் பாதாம் பால். பெருமை இருக்காதா பின்னே!

ஜனவரி 18, சனி

வாழைப்பழம். ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. எச்சில் வழிந்து வழிந்து அப்படி ஆகியிருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

எழுதினால் மனசு அடங்கும்.

மத்தியானம் தயிர்சாதம் — குழையப் பிசைந்து, புளிக்காத தயிர் ஊற்றி. நானேதான் கொடுத்தேன். மூன்றாவது வாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து நிமிடம்கூட இல்லை — உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பு, பிறகு வாந்தி. ஐயோ, என்னத்தைக் குடுத்தேன் நான்? அருண் செருப்புகூடப் போடாமல் ஓடி ஆட்டோவை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, நாலு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். மூச்சில் கோளாறு இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

டாக்டர் லீலா வைஷுவின் கையில் சின்னதாகக் குத்திப் பரிசோதனை செய்தார். பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"பால், தயிர், மோர், நெய், பன்னீர், பால்பவுடர் போட்ட பிஸ்கட் எதுவும் பேடா, வேணாம். ஆட்டுப்பாலும் பேடா. தாய்ப்பால் நிறுத்தாதீங்க. நீங்க பால் குடிச்சு இவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை, அதனால உங்க காபியை விட வேணாம்." காபி பிழைத்தது என்றதும் அவரைக் கும்பிடத் தோன்றியது. புதுச் சாப்பாடு எதுவானாலும் காலையில், ஒரே ஒரு வகை, கொஞ்சமாக, மூன்று நாள். எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். "மூச்சு வாங்கினாலோ, துவண்டு போனாலோ எனக்கு போன் பண்ணிட்டு நிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

மாமாவிடம் சொன்னோம். "பால் ஆவாதா? என் பேத்திக்கா? அது பாக்கெட் பாலா இருக்கும் கண்ணு. ஊருல இருந்து நாட்டு மாட்டுப் பால் கொண்டாரச் சொல்றேன்."

"எந்த மாடா இருந்தாலும் வேண்டாங்க மாமா."

டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் வைக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

காலை 9: கேரட், ஒரு ஸ்பூன். ஒன்றும் இல்லை. 6.15: மாமா வந்தார். 6.30: கன்னத்திலும் வாயோரத்திலும் தடிப்பு. ஒரு மணி நேரத்தில் அடங்கியது. கேரட்டே, நீயுமா? சரி, நிறுத்தியாயிற்று.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை 9: சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 6.20: மாமா வந்தார். பல் முளைக்கிற ஊறலுக்கு அவர் விரலைப் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். 6.40: தடிப்பு. கிழங்கும் போச்சு.

பிப்ரவரி 12, புதன்

பூசணி. சாயங்காலம் தடிப்பு. இனி இவளுக்கு என்னதான் மிச்சம், காற்றா? அருணுக்கு இதிலும் சிரிப்பு: "டைம் பார்த்து வருதே, ஆபீஸ் முடிஞ்சு வர்ற மாதிரி."

பிப்ரவரி 16, ஞாயிறு

டாக்டருக்குக் காட்ட, எழுதியதையெல்லாம் திருப்பிப் படித்தேன். காலையில் கொடுத்த எதுவும் காலையில் ஒன்றும் செய்யவில்லை. மாமா கடையை ஆளிடம் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கொள்ளேகால் போன இரண்டு நாளும் சுத்தம். மற்ற நாளெல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது — மாமா வந்தார், மாமா வந்தார், மாமா வந்தார்.

அவர் பாதாம் பால் ஊற்றிய கையைக் கழுவவே மாட்டார். தலையில் தடவிக்கொள்வார், சட்டையில் துடைத்துக்கொள்வார். பால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் லட்சுமி போய்விடுவாளாம், அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. அந்த விரலைத்தான் இவள் கடிக்கிறாள்! நானும் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். மண்டு, மண்டு.

பிப்ரவரி 17, திங்கள்

டாக்டருக்கு போன் செய்தேன். அதுவேதான் என்றார். காய்களையெல்லாம் மறுபடி கொடுத்துப் பார்க்கலாமாம்.

அருணுக்கு அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நானே சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப... என்ற கைதானா கண்ணு புள்ளைக்கு ஆவாதது?"



பிப்ரவரி 18, செவ்வாய்

மாமா வந்தார். தூக்கவில்லை. வாசல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். இவள் கையை நீட்டி நீட்டி அழுதாள். தடிப்பு இல்லை. சந்தோஷப்படத்தான் வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கும் அதே நாற்காலி, அதே அழுகை. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வெடித்துவிட்டேன்.

"ஏனுங்க மாமா, கையை வெட்டியா போடச் சொன்னேன்? சோப்பு இருக்குது, துண்டு இருக்குது, கொடியில மாத்துச் சட்டை தொங்குது. குளிச்சுட்டு வந்து தூக்குனா என்னங்க?"

"பால் கையி கண்ணு. சோப்புப் போட்டா லட்சுமி போயிருவான்னு எங்கய்யன்..."

"லட்சுமி உள்ள உக்காந்து உங்களுக்காக அழுதுட்டு இருக்கறா. போனவங்களப் பாப்பீங்களா, இருக்கறவளப் பாப்பீங்களா?"

மாமனாரை இப்படிப் பேசிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் தண்ணீர் விழும் சத்தம். பிறகு தலை சொட்டச் சொட்ட வந்து நின்றார். "இப்பத் தூக்கலாங்களா?" — மருமகளுக்கு 'ங்க' போட்டு! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பிப்ரவரி 27, வியாழன்

கேரட் மறுபடி, மூன்றாவது நாள். மன்னித்துக்கொள் கேரட்டே.

ஏப்ரல் 19, சனி

மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கி, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பிரெட்டில் பால்பவுடர் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். நான் பார்க்காமல் வாங்கி வந்ததற்கு எனக்கு அரை மணி நேரம் திட்டு. வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பாலை மாவில் சேர்த்து நன்றாக வேகவைத்த கேக், ஆஸ்பத்திரியிலேயே, டாக்டர் முன்னால். முதலில் துணுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. நாங்களாக வீட்டில் இதைப் பரீட்சை செய்யக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தடிப்பு இல்லை, வாந்தி இல்லை. பல பிள்ளைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும், ஆனால் வெறும் பாலுக்கும் தயிருக்கும் இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

வெளியே வந்தால் பெஞ்சில் மாமா. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். என் மாமியார் இறந்த காரியத்துக்குப் பிறகு அந்தக் கடை சாத்தியது இன்றைக்குத்தான் என்று அருண் சொன்னார்.

அக்டோபர் 2, வியாழன்

தசரா ஊர்வலம். கடையில் கூட்டமோ கூட்டம். 7.10: மாமா வந்தார், சட்டை முன்பக்கமெல்லாம் பாதாம் பால். வைஷு கொடியில் தொங்கிய துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள், தரையெல்லாம் கூட்டிக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று நடந்துபோய், குளியலறை வாசலில் அதன்மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாமா கையை உயரத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி உள்ளே போனார். "வந்துட்டேஞ் சாமி, வந்துட்டேன்!"

7.25: தூக்கிக்கொண்டார். தடிப்பு இல்லை.