சிவப்பு வண்டியை அனுப்பச் சொன்னவன் நான்தான்

என் அன்பு அண்ணா,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

நம் புடவைக்கடை முதலாளி மெட்ராஸில் தூதரகத்து ஏலத்தில் புது கார் எடுத்திருக்கிறார். கறுப்பு. ஐந்து பேர் தாராளமாய் உட்காரலாம், சீட்டெல்லாம் மெத்தை. சத்தமே இல்லை, எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று பானெட்டில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். உன் சிவப்பு வண்டியைக் கிளப்ப, சோக்கை இழுத்து, கெஞ்சி, இரண்டு கெட்ட வார்த்தையும் சொல்ல வேண்டுமே! இரண்டே சீட்டு, புடவைக் கட்டு வைக்க இடமில்லை, மழை வந்தால் நாம் நனைய வேண்டியதுதான். ஆனால் வாலாஜாபாத் ரோட்டில் அது சீறும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். புது வண்டியை ஓட்டுகையில் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை.

மேலே மூடாத வண்டி என்பதால் ஊரில் பாதி மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் போனது. மேளக்காரர்களுக்குப் பின்னால் ஊர்ந்தால் சூடேறி நின்றுவிடும். அதனால் எஞ்சினை அணைத்துவிட்டு, நாலு பேர் பின்னால் தள்ள, நீ ஓட்டுகிற மாதிரி கம்பீரமாய் ஸ்டியரிங் பிடிப்பாய். பெண் வீட்டாருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போது ஷெட்டில் இரண்டுக்கும் இடமில்லை. "ஏம்பா, எது இருக்கட்டும்? நீ சொல்றதுதான்" என்று முதலாளி என்னிடம் விட்டுவிட்டார். இது தெரிந்து அண்ணி ஓடிவந்தார்.

"அவரு கைபட்ட வண்டிப்பா. அதப் பாத்துக்கினுதான் நான் இருக்கறேன். விக்க வாணாம்னு சொல்லு."

தலையாட்டினேன். நேரே முதலாளியிடம் போய், "புதுசு இருக்கட்டுங்க, சிவப்ப அனுப்பிடுங்க" என்றேன். வாங்குகிறவர் நாளை வருகிறார். அண்ணிக்கு இன்னும் தெரியாது.

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றைக்கு, அந்தக் கடைசி மாப்பிள்ளை அழைப்பில், தள்ள ஓர் ஆள் குறைந்தது. "நீ குந்துடா, நான் தள்றேன்" என்று பின்னால் போனாய். ராஜ வீதி திருப்பத்தில் வண்டி திடீரென்று கனத்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாய்யா, சோறு துன்னல? தள்ளுங்கய்யா!" என்று கத்தினேன்.

அதற்குள் நீ விழுந்திருந்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயாமே, நான் கத்தினது உனக்குக் கேட்டதா அண்ணா?

அண்ணியிடம் நெஞ்சுவலி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அந்த வண்டியைப் பார்த்தால் அவருக்கு நீ தெரிகிறாய். எனக்கு என் குரல் கேட்கிறது. அதைத் தாங்க முடியாமல்தான் தொலைக்கப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி.

நாளைக் காலையில், வாங்குகிறவர் வருவதற்கு முன்னால், அண்ணியிடம் போய் நான் கத்தினதை அதே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் வண்டி இருக்கட்டும் என்று அவர் சொன்னால், முதலாளி காலில் விழுந்தாவது நிறுத்திவிடுவேன். இது சத்தியம்.

அன்றைக்கு உன் இடத்தில் உட்கார்ந்திருந்த உன் தம்பி,
கன்னியப்பன்