இறக்கையைப் பிடிக்க இன்னொருவர்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இப்படி அழைக்கலாமா என்று பேனாவும் கையுமாக வெகுநேரம் யோசித்தேன். நீயும் என் மகனும் பிரிந்தாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. ஆனாலும் எனக்கு வேறு முறை தெரியவில்லை. "அவளுக்கு ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்று உன் அத்தை வேறு நச்சரிக்கிறாள்.

ஒரு சங்கடம். புதிதாகச் செய்த பொம்மை விமானத்தின் இறக்கைக்குத் துணி போட்டேன், சூடு பட்டால் சுருங்குமே, அதே துணி. எப்போதும் நீதான் இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பாய், நான் பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணுவேன். இந்த முறை நானே தேய்த்தேன். மேல்பக்கம் சுருக்கமில்லாமல் விறைத்து நின்றதும் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் கீழ்ப்பக்கம் போட்டேன். காலையில் பார்த்தால் இறக்கை முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஒரு முனை கூரையைப் பார்க்கிறது, மறுமுனை தரையைப் பார்க்கிறது. துணியைக் கிழித்துவிடட்டுமா?

அன்புடன்,
மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் என்றே எழுதியிருக்கிறீர்கள். முதல் நன்றி அதற்கு.

கிழிக்காதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க இறுக்கினால் அது இறக்கையையே இழுத்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். பெட்டி சூடாகிவிட்டால் உங்களுக்குப் பொறுமை ஏது? இப்போது இறக்கையை எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மறுபடி சூடு காட்டுங்கள். ஆறும்வரை பிடியை விடக்கூடாது. தனியாளாக முடியாது, அத்தையைக் கூப்பிடுங்கள்.

எனக்கு லாண்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்கச் சட்டை தேய்க்கிறேன். ஒன்றும் பறப்பதில்லை.

நீதிமன்றத்திலிருந்து எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பியபோது நீங்கள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தீர்கள். அன்று நன்றி சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள்
மருமகள்


ஏப்ரல் 20

அன்புள்ள மருமகளுக்கு,

இறக்கை நேராகிவிட்டது. அத்தைதான் பிடித்தாள். "இன்னும் எவ்வளவு நேரம்? அடுப்புல பால் இருக்கு" என்று புலம்பினாளே தவிர பிடியை விடவில்லை. பால் பொங்கி வழிந்தது. விமானம் பறந்தது.

இன்னொரு செய்தி. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நல்ல பெண். எங்களோடுதான் இருக்கப்போகிறார்கள். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "வர்றவ மனசு நோகக்கூடாதுப்பா, இதை நிறுத்திடுங்க" என்கிறான். அவன் சொல்வதையும் தள்ள முடியவில்லை, உன்னையும் விட மனமில்லை. நீயே சொல்.

மாமா


மே 2

அன்புள்ள மாமாவுக்கு,

அவர் சொல்வது நியாயம்தான். கோபமில்லை. அழுகை வந்தது, அதை உங்களிடம் மறைப்பானேன்? புதிதாக வருகிறவளுக்கு அந்த வீட்டில் நான் இடைஞ்சலாக இருக்கக்கூடாது. இனி எழுதாதீர்கள், நானும் எழுதமாட்டேன்.

நான் அங்கிருந்து வெறுங்கையோடு வரவில்லை. "நீ தேய்ச்சாத்தான் இது பறக்கும்" என்பீர்களே, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் தலைநிமிர்ந்து நடந்தேன். உங்களுக்கும் அத்தைக்கும் நான் என்றைக்கும் நன்றியுள்ளவள்.

வணக்கத்துடன்,
மருமகளாக இருந்தவள்


ஆகஸ்ட் 11

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதாதே என்றதால் இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

புது மருமகள் வந்துவிட்டாள். கூடத்தில் தொங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு வழவழன்னு யாரு மாமா தேய்ச்சது?" என்றாள். பொய் சொல்லத் தெரியாமல் உன்னைச் சொல்லிவிட்டேன். முகம் ஒரு கணம் மாறத்தான் செய்தது. பிறகு, "இப்ப அவங்க எங்க இருக்காங்க?" என்றாள். உன் கடைசிக் கடிதம் வரை சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாப்பிடும்போது அவனிடம், "என் பேரைச் சொல்லி யாரையும் நிறுத்தாதீங்க. நான் கேக்கலையே" என்றாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அட்ரஸ் சொல்லுங்க மாமா, கவர்ல நான் எழுதுறேன்" என்கிறாள். நீ பிரித்த உறையின்மேல் இருப்பது அவள் கையெழுத்து.

பதில் போடும்போது அவளுக்கும் ஒரு வரி எழுது.

மாமா