அணையாத விளக்கும் இறங்கிய பேட்டரியும்

வீட்டுக்காரருக்கு,

வாக்கிங் முடிந்து வந்து வேனைத் தேடாதீர்கள். நான்தான் எடுத்துப் போகிறேன்.

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டிய வேன் என்று சரவணம்பட்டி முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். மைசூருக்குப் புறப்பட்ட மூன்று முறையும் அது கேட்டைத் தாண்டவில்லை. “பேட்டரி எறங்கிப்போச்சு அம்மணி, சகுனமே செரியில்ல, முருகன் உத்தரவு குடுக்கல” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள்.

நேற்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். வேனுக்குள் முருகன் படத்தைச் சுற்றி நீங்கள் மாட்டிய சீரியல் பல்பு இரவும் பகலும் எரிந்து பேட்டரியைக் காலி செய்கிறதாம். “போன தடவையே ஐயாகிட்டச் சொல்லிப்போட்டனுங்களே! நிறுத்தி வெச்சா லைட்ட அணைச்சு நெகட்டிவ் ஒயரக் கழட்டிருங்கன்னு.”

தெரிந்தேதான் எரியவிட்டிருக்கிறீர்கள்.

தானாகத் தேடிக் கல்யாணம் செய்துகொண்டு மைசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்ல, முப்பது வருஷம் மில் நடத்தியவருக்குத் தைரியமில்லை. பழியைத் தூக்கி முருகன் தலையில் போட்டீர்கள்.

உங்கள் கார் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டேன். சாவியைத் திருப்பியதும் வேன் கிளம்பிவிட்டது. இதோ, கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நிற்கிறது. பேத்திக்கு எட்டு மாதம். அவளுக்குச் சகுனம் பார்க்கத் தெரியாது.

முருகன் படத்தைப் பூஜை அறையில் வைத்து எண்ணெய் விளக்கு ஏற்றியிருக்கிறேன். அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில்தானே இருக்கப்போகிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்