துவைத்துவிட்ட சாட்சியம்

அனுப்புநர்:
சலவைக்கூடத்தின் மூத்த மருமகள்,
காகித ஆலைக்கு எதிர்த்தெரு.

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சட்டமன்றக் குழு.

பொருள்: ஆலைப் புகை குறித்த விசாரணையில் எங்கள் தரப்புச் சாட்சியம் தவறுதலாகத் துவைக்கப்பட்டது – குழுவினர் நேரில் வந்து பார்வையிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்றைய விசாரணையில் மூட்டையோடு வந்து நின்ற இரண்டு பெண்களைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூத்தவள் நான். பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவள் என் ஓரகத்தி.

2. எங்கள் முற்றத்தில் காயும் துணிகளில் ஆலைப் புகைபோக்கியின் கரி விழுகிறது. துவைத்ததையே மறுபடியும் துவைக்கிறோம். இப்படியே போனால் படுக்கை விரிப்புகளை வேறிடம் வெளுக்கக் கொடுத்துவிடுவதாக எங்கள் வாடிக்கை மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் எங்கள் கூடத்துக்குப் பூட்டுதான். கரி படிந்த விரிப்புகளைச் சாட்சியமாகக் கொண்டுவரும்படி தங்கள் அலுவலகம் சொன்னது. நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி மூட்டை கட்டி வைத்தேன்.

3. எனக்குத் தெரியாமல் ஓரகத்தி அவற்றைத் துவைத்து, நீலம் போட்டு, வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, இஸ்திரியும் போட்டுவிட்டாள். ‘அழுக்குத் துணியைத் தூக்கிக்கிட்டுப் பெரியவங்க முன்னாடி எப்படிக்கா நிக்கிறது? நம்ம தொழிலுக்கே கேவலமில்ல?’ என்பது அவள் வாதம். தங்கள் மேசையில் மூட்டையைப் பிரித்தபோதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

4. ‘இவ்வளவு வெள்ளையா எங்க வீட்டுலகூட இல்லையேம்மா’ என்று தாங்கள் சிரித்ததும் மன்றமே சிரித்தது. உறுப்பினர்கள் விரிப்பைக் கைமாற்றித் தடவிப் பார்த்தார்கள். ஆலைத் தரப்பு வழக்கறிஞர் தம் சட்டைகளையும் அனுப்பலாமா என்று விலாசம் கேட்டார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இத்தனை வருடத் தொழிலில் எங்களை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை ஐயா. வீடு வந்து சேரும்வரை ஓரகத்தியின் கால் தரையில் பாவவில்லை.

5. ஆனால், ‘துணிகளில் மாசு ஏதும் காணப்படவில்லை’ என்று விசாரணைக் குறிப்பில் ஏறிவிட்டதாக அறிகிறோம். வெளுத்தது நாங்கள், நற்சான்று ஆலைக்கா? இது எந்த ஊர் நியாயம்?

6. ஆகவே, குழுவினர் முன்னறிவிப்பின்றி, வெள்ளை உடையில் வந்து, எங்கள் முற்றத்தில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் அமர்ந்திருக்க வேண்டுகிறேன். நாற்காலிகளை நன்றாகத் துடைத்துப் போடுவோம். எழும்போது தங்கள் சட்டையில் என்ன இருக்கிறதோ அதுவே எங்கள் சாட்சியம். அப்படியே அணிந்துகொண்டு அவைக்குச் செல்லுங்கள். வெளுத்துத் தருகிறேன் என்று ஓரகத்தி கையை நீட்டுவாள். தயவுசெய்து கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

இடம்: துணி காயும் முற்றம்
நாள்: விசாரணைக்கு மறுநாள்

தங்கள் வருகைக்குத் தேநீரோடு காத்திருக்கும்,
(ஒப்பம்)
சலவைக்கூடத்தின் மூத்த மருமகள்