வெயிலில் நிற்க வேண்டிய வண்டி

இன்று காலை உன் வீட்டு வாசலில் அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்டேன். விட்டு விட்டு வரும் மெல்லிய கீச்சொலி. பேட்டரி இறங்கினால் எழுப்ப வேண்டும் என்று உன் தலைமாட்டில் நீயே பொருத்திய அலாரம். உன் மனைவிதான் போனில் கூப்பிட்டார்.

"வண்டிக்குள்ள என்னமோ கத்துதுண்ணே. தொறக்கப் பயமா இருக்கு. செத்த வந்துட்டுப் போங்க."

நீ போன பிறகு அந்த வண்டியின் கதவை நான் திறந்ததில்லை.

ஒரே பத்திரிகையில் நான் செய்தி எழுதினேன், நீ படம் எடுத்தாய். ஓய்வு பெற்றதும் உனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் வந்தது. முகமூடியும் குழாயுமாக ஓர் இயந்திரம் இரவு முழுக்கக் காற்றை ஊதினால்தான் நீ தூங்கலாம். மின்சாரம் இல்லாத இடத்தில் இரவு தங்கவே கூடாது என்றார் டாக்டர். ஊர் ஊராகச் சுற்றியவன் நீ. "என்னையச் சுவத்துல சொருகி வச்சுட்டாங்கடா" என்றாய்.

பிறகு ஒரு பழைய சரக்கு வண்டியை வாங்கினாய். தேவகோட்டை சாலையில் இருந்த பட்டறையில் அதன் முதுகில் படுக்கை அறை ஏறியது. கூரையில் சோலார் தகடுகள், கட்டிலுக்கு அடியில் லித்தியம் பேட்டரி. எலெக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போடும் மெல்லிய வயரை எடுத்தபோது தடுத்தாய். பேட்டரியிலிருந்து வரும் குறைந்த வோல்டேஜுக்குத் தடித்த வயர் வேண்டும், இல்லையென்றால் வயரே சூடாகிவிடும் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினாய். பிரிட்ஜ் வேண்டாம், மின்கெட்டிலும் வேண்டாம் என்றாய். நான் டீக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"டீய அடுப்புல வச்சுக்கலாம். மூச்ச அடுப்புல வைக்க முடியுமா?"

முதல் பயணத்தில் வலையபட்டிக்கு வெளியே, கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். முந்தின இரவு வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் நீ படுத்துப் பார்த்ததில் பேட்டரி இறங்கியிருந்தது. பகலில் ஏறிவிடும் என்று நம்பினோம். சாப்பிட்டோம், மின்விசிறி போட்டுக்கொண்டு படுத்தோம். பொழுது சாயும் நேரத்தில் அலாரம் கத்தியது. இந்தச் சீமையில் பிறந்த எவன்தான் வண்டியை வெயிலில் நிறுத்துவான்? தகடுகள் மேல் பகல் முழுக்க மரநிழல் கிடந்தது நம் இருவருக்குமே உறைக்கவில்லை. அன்றே வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் நின்ற உன் மனைவி, "வந்துட்டீகளா" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த முறை வண்டியைப் பொட்டலில் நிறுத்தினாய். நாம் தள்ளிப்போய் மரத்தடியில் உட்கார்ந்தோம். "நெழலு நமக்கு, வெயிலு அதுக்கு" என்றாய். அன்றிரவு இயந்திரம் நிற்காமல் ஓடியது. விடிந்ததும் முகமூடியின் தடம் கன்னத்தில் மறையாமல் வெளியே வந்து நின்றாய்.

"டேய், கரண்டு கம்பியே இல்லாத எடத்துல தூங்கி எந்திரிச்சிருக்கேன்டா."

அடுத்தது தொண்டிப் பக்கம் கடற்கரை மணலில் ஓர் இரவு என்று பேசிவைத்தோம். அதற்குள் காய்ச்சல் வந்தது, நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில், சுவரில் சொருகிய இயந்திரத்தோடு நீ போனாய்.

இன்று போனபோது வண்டி முழுக்கத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. கதவைத் திறந்தால், உள்ளே உன் கட்டிலுக்கு மேலே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெயில்ல காஞ்சு வீணாப் போயிருமேன்னு நாந்தாண்ணே போன வாரம் மூடச் சொன்னேன்" என்றார் உன் மனைவி.

"விளக்கு?"

"அது எரியட்டும்னு விட்டுட்டேன். அவுகளுக்கு இருட்டு ஆகாதுல்ல."

தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். தகடுகளில் படிந்திருந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அலாரம் அடங்கியது.

"இனிமே வெயில்லயேதான் நிக்கணுமாண்ணே?"

"வெளக்கு எரியணும்னா நிக்கணும்மா."

அவர் தார்ப்பாயை மடித்து உள்ளே எடுத்துப் போனார். விளக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சிய பழக்கம் ஒன்று இருக்கிறது. எங்கே போனாலும் ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போவேன். பாதி வழியில் உன் பேச்சு ஞாபகம் வரும். திருப்பிக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்துவேன். அதில் தகடும் இல்லை, பேட்டரிக்கு அந்த வெயிலால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. திரும்பி வந்து ஏறும்போது இருக்கை கொதிக்கும். இன்றும் உன் வீட்டு வாசலிலிருந்து அப்படித்தான் வந்தேன்.