சட்டமிட்டு மாட்டிய விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் அண்ணி வணக்கத்துடன் வரைவது. தங்கள் கடிதம் கைக்கு வந்து ஒரு மாதத்திற்கு மேலாகியும் மறுமொழி அனுப்பத் தவறியமைக்கு முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் அண்ணன் நலம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

‘தாங்கள்’ இத்துடன் போதும். இன்னும் நீடித்தால், “எங்க அண்ணி மறுபடியும் சபை ஏறிட்டாங்க” என்று உன் அலுவலகம் முழுவதும் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் இம்முறை உன் அண்ணி உண்மையாகவே சபை ஏறினாள். தாமதத்திற்குக் காரணமும் அதுவே.

என் உரையின் வரைவை மட்டும் உனக்கு அனுப்பினேன். பின்னணி எதையும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் சலவை நிலையத்தில் நான் மேற்பார்வை பார்ப்பது தேய்ப்பு அறை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் வெளுத்து, உலர்ந்து, கடைசியாக அங்கே வந்து சேரும். சூடான உருளைகளுக்குள் அவற்றைச் செலுத்தும் பெண்களைச் சுற்றி எப்போதும் ஆவி. இருந்த ஒரே சன்னலையும் அலமாரிகள் அடைத்துக்கொண்டன. சென்ற கோடையில், நாங்கள் ‘சிட்டு’ என்று அழைக்கும் வாயாடிப் பெண் வேலையின் நடுவே மயங்கி உருளையின் பக்கம் சரிந்தாள். பக்கத்தில் நின்றவள் தோளைப் பற்றி இழுத்திராவிட்டால் அவள் கை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அடுத்த கோடைக்குள் அந்த வெப்பத்தை வெளியே இழுக்க மின்விசிறி வந்தே தீர வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டேன்.

விண்ணப்பம் எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அறிவிப்புப் பலகைகளையும் நாளிதழ்த் தலையங்கங்களையும் அகராதியையும் துணைக்கொண்டு நானே வளர்த்த தமிழ் இது. அதைச் சும்மா விடுவேனா? முதல் பக்கம் முழுவதும் நிறுவனத்தின் பெருமை, மேலாளரின் கருணை, தொழிலாளரின் நன்றி. மின்விசிறி நான்காம் பக்கத்தில்தான் வந்தது. அதுவும், “வெப்ப வெளியேற்றச் சாதனம் அமையப்பெறின் நலம் பயக்கும் எனக் கருதப்படுகிறது” என்று.

மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? முதல் பக்கத்தைப் படித்து நெகிழ்ந்து, அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்! வண்டி ஓட்டுநர்கள் நின்று படித்துவிட்டு, “அக்கா, பின்னிட்டீங்க” என்றார்கள். சிட்டு மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏன்க்கா, நீங்க ஃபேன் கேக்கப் போனீங்களா, ஐஸ் வைக்கப் போனீங்களா?” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்தப் புகழால்தான் ஆண்டுக் கூட்டத்தில் உரிமையாளர் அம்மாவின் முன்னிலையில், “அதே மாதிரி நாலு வார்த்தை பேசுங்க” என்று அழைப்பு வந்தது. நான் எழுதி உனக்கு அனுப்பிய உரை, உன் கடிதத்தோடு திரும்பி வந்தபோது வெள்ளையைவிடச் சிவப்பே அதிகமாக இருந்தது. “அண்ணி, உங்க வாக்கியத்துல ஆளே இல்ல. எல்லாம் தானாவே கருதப்படுது, வேண்டப்படுது. யாருக்கு, என்ன, எப்போ வேணும்?” என்று ஓரத்தில் கேட்டிருந்தாய். கோபம் வந்தது, மறைப்பானேன். காய்கறி நறுக்கும்போதெல்லாம் உனக்கு மறுப்புரை தயாரித்தேன்.

பிறகு உன் அண்ணனை உட்காரவைத்து என் உரையை அப்படியே வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் குறட்டை கேட்டது. அவரை எழுப்பி, உன் கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்லிப் பார்த்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அடப்பாவமே, அந்த ரூம்ல அவ்வளவு சூடா? எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?” என்றார். அவரிடம் அன்றாடம் புலம்பியிருக்கிறேன் அம்மா! புலம்பலையும் நான்காம் பக்கத்தில்தான் வைத்திருந்தேன் போலும். அன்றே என் கோபம் தீர்ந்தது; சிவப்புப் பேனாவை நானே எடுத்தேன். கூட்டத்தில் திரையில் காட்ட நான் செய்துவைத்திருந்த, எழுத்து நிரம்பி வழிந்த ஸ்லைடுகளெல்லாம் போய், அடைபட்ட சன்னலின் படமும் ஒரு வரியும் மிஞ்சின.

கூட்டத்தில் எழுந்து நின்றதும் ‘பெருமதிப்பிற்குரிய’ நாக்கின் நுனிவரை வந்தது. ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சொன்னேன்: தேய்ப்பு அறையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். சன்னலை மறைக்கும் அலமாரிகளை எடுக்க வேண்டும். கோடைக்கு முன்னால் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்.

உரிமையாளர் அம்மா மேலாளரைத் திரும்பிப் பார்த்து, இதைத் தம்மிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். மேலாளர் நல்ல மனிதர். திருதிருவென விழித்து, “எழுதிக் குடுத்தாங்கம்மா, நான்தான் மாட்டி வெச்சிட்டேன்” என்று சொல்லி, வரவேற்பறைக்கு ஓடிச் சட்டத்தையே கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடி ஆடாமலிருக்க மற்ற மூன்று பக்கங்களையும் மடித்துப் பின்னால் செருகியிருந்தார்! அம்மா நான்காம் பக்கத்தை உரக்க வாசித்தார். ‘கருதப்படுகிறது’ என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து மேலாளர் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வாக்கியமாயிற்றே, அதன் அழகை நானே ரசிக்காவிட்டால் எப்படி?

கோடைக்கு முன்பாகவே ஃபேன்கள் சுழலத் தொடங்கிவிட்டன. சன்னலும் திறந்தாயிற்று. பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகளின் சத்தம் இப்போது எங்களுக்குக் கேட்கிறது. சிட்டு விரிப்பை மடித்தபடியே அவர்களை வம்புக்கு இழுக்கிறாள். வேலை நேரத்தில் பேசாதே என்று அதட்ட எனக்கு மனம் வரவில்லை.

உன் வருகையைக் குறித்த எங்கள் விழைவினைப் புலப்படுத்தி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். மிக அழகாகவே அமைந்தது. ஆயினும் அதை இத்துடன் இணைக்கவில்லை.

எல்லா நலமும் பெற்று நீ நிறைவாக வாழ வேண்டும். உன் அண்ணன் உன்னைத் தேடுகிறார். நானும் தேடுகிறேன். இந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வா. எந்தத் தேதி என்று உடனே பதில் எழுது.

உன் அண்ணி